தண்ணீர் மிச்சம் என்று விற்ற ஃப்ளஷ் டேங்குகள் ஒழுகுவது குறித்துப் புகார்

அனுப்புநர்
செயலாளர் மற்றும் பராமரிப்புக் குழுவினர்,
அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கம்,
வேளச்சேரி, சென்னை.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
குளியலறைச் சாதனத் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: 40 இரட்டை பட்டன் ஃப்ளஷ் டேங்க், 96 ஏரேட்டர் (குழாய் முனையில் மாட்டி, காற்றைக் கலந்து நீரோட்டத்தைக் குறைக்கும் சாதனம்) – ஒழுக்கு, குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யாமை, உதிரி வாஷர் கிடைக்காமை – மாற்றித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தரைத்தளமும் அதற்குமேல் நான்கு மாடிகளும் கொண்ட எங்கள் குடியிருப்பில் 32 வீடுகள் இருக்கின்றன. 14 மாதங்களுக்கு முன் உங்கள் ஆட்களே வந்து மேலே சொன்ன சாதனங்களைப் பொருத்திக் கொடுத்தார்கள். இன்றைய நிலையில் 40 டேங்கில் 17 ஒழுகுகின்றன. குழாய் சொட்டினால் காதில் விழும். இந்த ஒழுக்கு டேங்கிலிருந்து கழிப்பறைக் கோப்பைக்குள் சத்தமில்லாமல் வழிவதால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை.

எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதை எழுதுகிறோம். உங்கள் ஆட்களும் இதே முறையில் சோதித்துக்கொள்ளலாம். டேங்க் நிறைந்ததும் கேசரி கலர்ப் பொடியை ஒரு சிட்டிகை போட்டு, 20 நிமிடம் ஃப்ளஷ் செய்யாமல் விட்டோம். கோப்பையில் நிறம் இறங்கிய வீடுகளைக் குறித்துக்கொண்டோம். அந்த வீடுகளில் டேங்குக்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் வால்வை மூடி, டேங்கின் உள்சுவரில் நீர்மட்டத்தைப் பென்சிலால் கோடிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தோம். உங்கள் டேங்கின் உள்ளளவு 35 செ.மீ.க்கு 14 செ.மீ.; ஆகவே மட்டம் 1 செ.மீ. இறங்கினால் ஏறக்குறைய அரை லிட்டர் போய்விட்டது என்று பொருள். 17 டேங்குகளின் சராசரி இறக்கம் 3 செ.மீ. அதாவது மணிக்கு ஒன்றரை லிட்டர், நாளுக்கு 36 லிட்டர். 17 டேங்குக்கும் சேர்த்தால் நாளுக்கு 600 லிட்டருக்கு மேல். இருபது நாளில் ஒரு 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது.

மிக மோசமான வீட்டில் இறக்கம் 5 செ.மீ. அங்கே நாளுக்கு 59 லிட்டர் வீண். நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளுக்கு நான்கு முறை சின்ன பட்டனை அழுத்தினால், பெரிய பட்டனின் 6 லிட்டருக்குப் பதில் 3 லிட்டர் என்ற கணக்கில் மிச்சமாவது 48 லிட்டர். சாதனம் மிச்சப்படுத்துவதைவிட ஒழுகி இழப்பது அதிகம்.

காரணம், தண்ணீரைக் கோப்பைக்குள் விடும் ஃப்ளஷ் வால்வின் அடியில் இருக்கும் ரப்பர் வாஷர். கழற்றிய ஒவ்வொன்றிலும் விளிம்பைச் சுற்றி வெள்ளை வளையமாக உப்பு படிந்திருக்கிறது; நகத்தால் சுரண்டினால் கோலமாவு போல உதிர்கிறது. வாஷர் உட்காரும் பிளாஸ்டிக் விளிம்பிலும் அதே படிவு, மணல் மணலாக. ரப்பர் ஊதி, ஓரம் லேசாக மேலே வளைந்திருக்கிறது. எங்கள் போர் தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 720 மி.கி. குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500இல், வேறு வழியே இல்லாத இடத்துக்கும் 600தான் எல்லை. இதைக் காட்டும் ஆய்வக அறிக்கையை, சாதனங்களை வாங்கும் முன்பே உங்கள் விற்பனைப் பிரதிநிதியிடம் கொடுத்தோம். சென்னையில் போர் தண்ணீரை நம்பியிருக்கும் எத்தனையோ வீடுகளில் உப்புத் தண்ணீர்தான். இதைத் தாங்காத வாஷரை இந்த ஊரில் விற்கக் கூடாது. விற்றால், மாற்று வாஷரையாவது கடையில் கிடைக்கச் செய்ய வேண்டும்.

அதுதான் கிடைப்பதில்லை. ஹார்டுவேர் கடையில் 30 ரூபாய்க்குக் கிடைப்பது 63 மி.மீ. வாஷர். உங்களுடையது 58 மி.மீ. உங்கள் சேவை மையத்தில் வாஷரைத் தனியாகத் தர மாட்டோம், வால்வு செட்டையே வாங்குங்கள், 1,150 ரூபாய் என்கிறார்கள். உள்பாகங்களுக்கு ஓராண்டுதான் உத்தரவாதம், அது முடிந்துவிட்டது என்பதும் அவர்கள் பதில். ஆனால் ஒழுக்கு குறித்த முதல் புகாரை ஒன்பதாம் மாதத்திலேயே பதிவு செய்திருக்கிறோம். புகார் எண் இணைப்பில் உள்ளது. அப்போது வந்த ஊழியர் எதையும் மாற்றவில்லை. டேங்குக்குள் குளோரின் மாத்திரை போடுங்கள், உப்பு போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார். குளோரின் மாத்திரை உப்பைக் கரைக்காது, ரப்பரைத்தான் அரிக்கும். ஆறு வீடுகளில் அந்தப் பேச்சைக் கேட்டு மாத்திரை போட்டார்கள். அந்த ஆறும் இன்று ஒழுகும் பட்டியலில் இருக்கின்றன. தயவுசெய்து உங்கள் ஊழியர்கள் இந்த ஆலோசனையை வேறு யாருக்கும் சொல்லாதபடி நிறுத்துங்கள்.

வாஷரில் குறையில்லாத இரண்டு டேங்குகளிலும் நிறம் இறங்கியது. பட்டன் உள்ள டேங்க் மூடியைக் கழற்றியதும் ஒழுக்கு நின்றது. பட்டனுக்குக் கீழுள்ள தண்டு ஓரிரு மி.மீ. நீளமாக விடப்பட்டு, வால்வை எப்போதும் லேசாகத் தூக்கிப் பிடித்திருக்கிறது. திருகைச் சரிசெய்ததும் நின்றுவிட்டதால் அவற்றை 17இல் சேர்க்கவில்லை. பொருத்தும்போது ஒரு நிமிடம் செலவழித்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

நான்காவது மாடியில் நிலைமை வேறு. மொட்டை மாடித் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் அந்த வீட்டுக் குழாய்களுக்கும் உயர வித்தியாசம் 3 மீட்டர்தான். 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார் (அழுத்த அலகு) என்ற கணக்கில் அழுத்தம் 0.3 பார். டேங்கை நிரப்பும் உங்கள் ஃபில் வால்வு டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) வகை. உள்ளே வரும் தண்ணீரின் அழுத்தமே அதை மூட வேண்டும். 0.3 பாரில் அது முழுதாக மூடுவதில்லை. மட்டம் மெல்ல ஏறி ஓவர்ஃப்ளோ குழாய் வழியே வழிகிறது. மிதவையைத் தாழ்த்தி, ஓவர்ஃப்ளோ வாய்க்கு இரண்டு செ.மீ. கீழே மட்டம் நிற்கும்படி வைத்துப் பார்த்தோம். காலையில் மறுபடி வழிந்துகொண்டிருந்தது. நான்காவது மாடிக்குப் பழைய பந்து மிதவை வால்வே போதும்.

ஏரேட்டருக்கும் இதே சிக்கல். நிமிடத்துக்கு 3 லிட்டர் என்று அட்டையில் இருப்பது 3 பார் அழுத்தத்தில் எடுத்த அளவு. துளை மாறாத தகடு என்பதால் அழுத்தம் பத்தில் ஒன்றானால் ஓட்டம் மூன்றில் ஒன்றுக்கும் கீழே போகும். தரைத்தளத்தில் ஒரு லிட்டர் பாட்டில் 28 விநாடியில் நிறைகிறது; நான்காவது மாடியில் 65 விநாடி. கை கழுவவே பொறுமை வேண்டும். அதனால் அந்த மாடியில் எட்டு வீட்டிலும் ஏரேட்டரைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

உங்கள் சேமிப்புக் கணக்கிலும் ஒரு பிழை இருக்கிறது. வீட்டிலுள்ள எல்லாக் குழாயிலும் ஏரேட்டர் போட்டால் இத்தனை லிட்டர் மிச்சம் என்று விலைப்பட்டியலோடு தந்தீர்கள். வாளியில் பிடித்துக் குளிக்கும் வீட்டில், 18 லிட்டர் வாளிக்கு எந்தக் குழாயில் பிடித்தாலும் 18 லிட்டர்தான். நேரம்தான் கூடும். வாஷ்பேசினிலும் சமையலறை சிங்கிலும் மட்டுமே ஏரேட்டரால் பயன். எங்களுக்கு விற்ற 96இல் 32 குளியலறை வாளிக் குழாய்க்கு என்று எண்ணப்பட்டவை. அவற்றை அப்படியே திருப்பித் தருகிறோம்; பணத்தைத் திருப்பித் தாருங்கள்.

கடைசியாகக் கோப்பை. எங்கள் கட்டடத்தில் இருப்பவை 10 லிட்டர் டேங்குக் காலத்துக் கோப்பைகள். அவற்றின் வளைவைத் தள்ளிச் சுத்தமாக்க 6 லிட்டர் பல வீடுகளில் போதவில்லை, இரண்டு முறை அழுத்துகிறார்கள். வால்விலேயே அளவைக் கூட்டும் நழுவு பட்டை இருக்கிறது. எல்லா டேங்கிலும் அதைக் குறைந்த அளவிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரே முறை எட்டு லிட்டர் போவது இரண்டு முறை ஆறு போவதைவிட மேல். பழைய கோப்பைக்கு இது பொருந்துமா என்று விற்கும் முன் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் வறண்டு, லாரிக்காகக் குடத்தோடு நின்ற ஊர் இது. தண்ணீர் மிச்சமாகும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் 32 வீடுகளும் பணம் போட்டு இவற்றை வாங்கின. இரட்டை பட்டன் டேங்க் நல்ல ஏற்பாடு என்பதில் எங்களுக்கு இப்போதும் ஐயமில்லை. ஒழுகாத டேங்குகள் நன்றாகவே உழைக்கின்றன.

ஆகவே, 17 டேங்குகளுக்கும் உப்புத் தண்ணீர் தாங்கும் சிலிகான் வாஷரைக் கட்டணமின்றி மாற்றித் தர வேண்டும். கூடவே 40 வாஷர்களைத் தனியாக விலைக்குத் தர வேண்டும். நான்காவது மாடியின் எட்டு வீடுகளுக்கு ஃபில் வால்வையும், குறைந்த அழுத்தத்துக்கான ஏரேட்டரையும் மாற்றித் தர வேண்டும். 32 ஏரேட்டர்களின் விலையைத் திருப்பித் தர வேண்டும். அளவுப் பட்டையை வீடு வீடாகச் சரிசெய்ய வேண்டும். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தை அணுகுவோம்.

ஊழியர்களை அனுப்பும்போது காலை 10 மணிக்குப் பிறகு அனுப்புங்கள். அதற்கு முன் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும், மேல்தொட்டி முழுதாக நிறைந்திருக்காது, அழுத்த அளவு தவறாக வரும். சோதிப்பதற்காகக் கழற்றிப் பார்த்த வாஷர்களைத் துடைத்து மறுபடி மாட்டியிருக்கிறோம். ஒவ்வொன்றின் படத்தையும் வீட்டு எண்ணோடு இணைத்துள்ளோம். அவற்றை மாற்றும்போது பழையதை எடுத்துச் செல்லாமல் எங்களிடமே விட்டுச் செல்லச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர் மற்றும் பராமரிப்புக் குழுவினர்

இணைப்பு: விலைப்பட்டியல் நகல், ஒன்பதாம் மாதப் புகார் எண், தண்ணீர் ஆய்வறிக்கை, வீடுவாரியான நீர்மட்ட அளவுகள், வாஷர் படங்கள்.