ஆச்சியின் தண்ணீர் பாட்டிலில் கோடு போட்டவர்களுக்கு

பெண்கள் எலும்பு முறிவு வார்டின் செவிலியர்களுக்கும் ஆயாம்மாக்களுக்கும் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

நேற்றுக் காலை அம்மா வாக்கரை ஊன்றி அடுப்படியிலிருந்து வாசல் நடை வரை வந்தார். நாற்காலியில் தானே உட்கார்ந்து, பீடித் தட்டை மடியில் எடுத்து வைக்கச் சொன்னார். நான்கு மாதமாகப் பரணில் கிடந்த தட்டு அது. இலையை வெட்டி, தூளை நிரப்பி, நூல் சுற்றி, ஒரு கட்டு, அதாவது 25 பீடி முடித்துவிட்டுத்தான் எழுந்தார். அப்போதே உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று நீங்களே கேட்டுக்கொண்டதால் போடவில்லை. படிக்கும்போது யாரைச் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அம்மாவுக்கு 74 வயது. துவைகல் பக்கம் பாசியில் வழுக்கி விழுந்ததில் இடுப்பை ஒட்டிய தொடை எலும்பு முறிந்தது. 108 ஆம்புலன்ஸில் வந்த தம்பி, காலை அசையாமல் கட்டி, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினார். அவருக்கும் இந்த மடலில் பங்கு உண்டு.

முதலில் வேறோர் இடத்தில்தான் சேர்த்தோம். இந்த வயதில் இந்த எலும்பு முறிந்தால் கூடுமானவரை இரண்டு நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்துவிட வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. சர்க்கரை இறங்கட்டும் என்று சொல்லி ஆறு நாள் மல்லாக்கவே படுக்க வைத்திருந்தார்கள். துணி மாற்றும்போது எங்களை வெளியே நிற்கச் சொல்வார்கள். ஆண் பணியாளர்கள் உள்ளே போவார்கள். கதவு திறந்தே கிடக்கும். ஐந்தாம் நாள், இறந்து பன்னிரண்டு வருடமான அப்பாவோடு அம்மா பேச ஆரம்பித்தார். கைகள் போர்வையில் எதையோ தேடிக்கொண்டே இருந்தன. ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கைகளையும் பேண்டேஜ் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். வயதாகிவிட்டது, இனி இப்படித்தான் என்று அங்கே சொன்னார்கள். அறளை பெயர்ந்துவிட்டது, அதாவது வயதில் புத்தி கலங்கிவிட்டது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நானும் நம்பிவிட்டேன். அதை எழுதும்போது இன்றும் நெஞ்சு வலிக்கிறது.

உங்கள் வார்டுக்கு வந்தது இரவு பதினொரு மணிக்கு. மணிக்கட்டில் கட்டின துணி அப்படியே இருந்தது. டியூட்டியில் இருந்த சிஸ்டர் கேஸ் ஷீட்டை வாங்குவதற்கு முன்பே கத்தரியை எடுத்து அதை அறுத்தார். கை விடுபட்டதும் அம்மாவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போர்வையின் ஓரத்தை உருட்ட ஆரம்பித்தன. சிஸ்டர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "ஆச்சி பீடி சுற்றுவார்களா?" என்றார். நான் தலையாட்டியதும் அம்மாவின் காதருகே குனிந்தார்.

"ஆச்சி, எத்தனை கட்டு முடிந்தது?"

இரண்டு நாளாக எங்கள் யாருக்கும் பதில் சொல்லாத அம்மா, "முப்பது. இன்னும் பத்து இருக்கிறது" என்றார்.

நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம் பீடி. அம்மாவின் ஒரு நாள் கணக்கு அது. புத்தி எங்கேயும் போய்விடவில்லை. பயந்துபோன மனது, தனக்குப் பழகின வேலைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. ஆறு நாளில் அம்மா என்ன தொழில் செய்தார் என்று கேட்டவர் நீங்கள் ஒருவர்தான், சிஸ்டர்.

மறுநாள் காலை மருத்துவர் என்னை உட்கார வைத்துச் சொன்னார். இதற்கு டெலிரியம் என்று பெயர், மறதி நோய் வேறு, இது வேறு. முதியவர்களுக்கு உடம்பில் நீர் வற்றினாலும், சிறுநீரில் கிருமி பிடித்தாலும், தூக்கம் கெட்டாலும், கண்ணாடி இல்லாமல் எதிரில் நிற்பது யார் என்று தெரியாமல் போனாலும் இப்படி ஆகலாம். காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடுவார்கள். பரிசோதனையில் கிருமி இருப்பது தெரிந்தது, மருந்து தொடங்கினார்கள். அதோடு வீட்டிலிருந்து மூக்குக் கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னார்கள், வெளிச்சம் படும்படி ஜன்னலோரக் கட்டிலுக்கு மாற்றினார்கள். டியூட்டி மாறி வரும் ஒவ்வொருவரும் தாம் யார், இன்று என்ன கிழமை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் தொட்டார்கள். நான்காம் நாள் அம்மா என்னைப் பார்த்து, "பள்ளிக்கூடத்துக்கு எத்தனை நாள்தான் லீவு போடுவாய்?" என்று கேட்டார். வராந்தாவுக்கு ஓடிப்போய் அழுதேன்.

ஆனால் தண்ணீர் மட்டும் இறங்கவில்லை. டம்ளர் வைத்தபடியே இருக்கும். பிடிவாதம் என்று நான் கோபப்பட்டேன். வார்டுப் பொறுப்பில் இருந்த மூத்த செவிலியர் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார். குடித்தால் போக வேண்டியிருக்கும், போனால் ஆம்பிளைகள் வந்து மாற்றுவார்கள், அதனால்தான் குடிக்கவில்லை என்றார் அம்மா.

என் அம்மா வெட்கத்தால் வறண்டு கிடந்திருக்கிறார். அந்த வறட்சியில்தான் கிருமி வளர்ந்திருக்கிறது, கிருமியில்தான் நினைவு கலங்கியிருக்கிறது. பெற்ற மகள் நான் பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

"இங்கே பெண்கள் நாங்கள்தான் வருவோம், ஆச்சி. திரை போடாமல் உங்கள் சேலையை ஒருத்தரும் தொட மாட்டார்கள்" என்று நீங்கள் சொன்னீர்கள். சொன்னதோடு விடவில்லை. இரவு இரண்டு மணிக்குக்கூட அந்தச் சக்கரத் திரையைத் தள்ளிக்கொண்டு வந்த சத்தம் என் காதில் இருக்கிறது. ஒரு லிட்டர் பாட்டிலில் வெள்ளைப் பிளாஸ்திரியைக் கோடு கோடாக ஒட்டி, 10, 1, 4, 7 என்று மணி எழுதிக் கொடுத்தீர்கள். மணி அடிப்பதற்கு முன்பே அம்மா கோட்டைத் தாண்டிவிட்டு உங்களுக்குத் தூக்கிக் காட்டுவார்.

அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் நடந்தது. அதன் பிறகு சிறுநீர்க் குழாயை எவ்வளவு சீக்கிரம் எடுக்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எடுத்துவிட்டீர்கள். ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு முதுகின் அடியில் படுக்கைப் புண்ணோடு வந்தவர் அவர். இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்க வைத்ததைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிய தாளில் குறித்தீர்கள். குதிகால் மெத்தையில் படாமல் தலையணை கொடுத்தீர்கள். தினம் முட்டையும் பயறும் கொடுக்கச் சொன்னீர்கள். ஏழு வாரத்தில் புண் மூடிவிட்டது. வார்டு முழுவதற்கும் இரவில் இரண்டே பேர் இருந்து இதைச் செய்தீர்கள். உங்களில் ஒருவர் எம்.ஆர்.பி. எனும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதியும், பணி நிரந்தரமாகாமல் தொகுப்பூதியத்தில் இருப்பவர் என்பதைக் கடைசி நாளில்தான் தெரிந்துகொண்டேன். பணி நிரந்தரம் என்பது உங்களுக்கு யாரும் போடும் பிச்சை அல்ல. என் அம்மாவின் முதுகே அதற்குச் சாட்சி.

ஆயாம்மா, உங்களை மறப்பேனா? சடை விழுந்து, வெட்டிவிடலாம் என்று நானே சொன்ன தலைமுடியை, தேங்காய் எண்ணெய் தேய்த்து நுனியிலிருந்து சிக்கெடுத்து, இரண்டு மத்தியானம் பொறுமையாக இருந்து பின்னிவிட்டீர்கள். அன்று சாயங்காலம்தான் அம்மா முதன்முதலாகப் பசி என்று சொன்னார். "நாளைக்குச் சொதி வைத்துக் கொண்டு வா, இஞ்சித் துவையல் மறக்காதே" என்றார். மருந்துச் சீட்டில் இல்லாத மருந்து அது.

வீட்டுக்கு வந்த பிறகும் நாங்கள் தனியாக விடப்படவில்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியர் வந்து டிரஸ்ஸிங் செய்தார். பிசியோதெரபிஸ்ட் தம்பி வந்து, முதல் நாள் கட்டிலிலிருந்து நிலைப்படி வரை, அடுத்த வாரம் அடுப்படி வரை என்று அளந்து அளந்து நடக்க வைத்தார். விழுந்துவிடுவேன் என்று அம்மா நடுங்கியபோது ஒரு நாளும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. "நீங்கள் சொல்லும்போது எழுந்திருக்கலாம், ஆச்சி" என்று தரையில் உட்கார்ந்து காத்திருந்தார்.

அந்தப் பாட்டில் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. பிளாஸ்திரி அழுக்கேறி, 4 என்ற எண் அழிந்துவிட்டது. புது பாட்டில் வாங்கித் தருகிறேன் என்றால் அம்மா விடுவதில்லை. நேற்று அந்த ஒரு கட்டு பீடியைச் சுற்றி முடித்ததும் பாட்டிலை எடுத்து ஒரு மணிக் கோடு வரை குடித்துவிட்டு, "அந்தப் பிள்ளைகளை ஒரு நாள் சாப்பிட வரச் சொல்" என்றார்.

உங்களுக்கு டியூட்டி இல்லாத ஞாயிறு எது என்று சொல்லுங்கள். சொதி வைக்கிறோம்.

நன்றியுடன்,
ஜன்னலோரக் கட்டில் ஆச்சியின் மகள்