மலைநடை, தோட்டச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். போன வருஷ அறிக்கை ரொம்ப நீளம் என்று பலர் சொன்னீர்கள், இந்த முறை சுருக்கப் பார்த்திருக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

முதலில் நாற்று விஷயம், எல்லோரும் என்னைப் பிடித்துக் கேட்பது அதைத்தான். குளிர் விட்டு ஒரு வாரம் நல்ல வெயில் அடித்ததும், பொதுத் தோட்டத்தின் கீழ்ப் பாத்திகளில் தக்காளி நாற்றை நடலாம் என்று சொன்னது நான்தான். நாலாம் நாள் இரவு மேகமும் இல்லை, காற்றும் இல்லை, வானம் முழுக்க நட்சத்திரம், எவ்வளவு அழகு என்று பார்த்துவிட்டுத் தூங்கப் போனேன். விடிந்து பார்த்தால் கீழ் வரிசை முழுக்க வெந்நீர் ஊற்றியது போலத் துவண்டு கறுத்துக் கிடந்தது. நெஞ்சு உயரத்தில் தொங்கும் வெப்பமானியோ 3 டிகிரி காட்டுகிறது!

தரையில் உறைபனி பிடித்தாலும் அந்த உயரத்தில் அப்படித்தான் காட்டும். மேகப் போர்வை இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும், தரையை ஒட்டிய காற்று முதலில் குளிரும், குளிர்ந்த காற்று கனமாகித் தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். நம் தோட்டத்தில் கீழ் எல்லையில் அடர்த்தியான உயிர்வேலி வேறு, அணை கட்டியது போல. மேல் பாத்திகளில் ஒரு செடிகூடப் போகவில்லை. பள்ளத்தில் அவசரப்படாதே என்று நம் மூத்த உறுப்பினர் ஒருவர் வருஷக்கணக்காகச் சொல்லிவந்தார், நான் காதில் வாங்கவில்லை. வேலியின் அடியில் காற்று வெளியேற ஓர் இடைவெளி வெட்ட வேண்டும் என்பது இன்றைய முதல் தீர்மானம்.

அந்த வருத்தத்திலிருந்துதான் இந்த ஆண்டின் நல்ல யோசனையும் வந்தது. அமெரிக்கப் பூச்சியியல் அறிஞர் ஆன்ட்ரூ ஹாப்கின்ஸ் 1918-இல் ஒரு கணக்கு சொன்னார்: வசந்த காலத்தில் ஏறக்குறைய 120 மீட்டர் உயரம் ஏறினால் தளிரும் பூவும் நான்கு நாள் பிந்தும். சரிவு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதைப் பொறுத்து இது முன்னே பின்னே போகும், ஆனாலும் நடைக்குத் திட்டம் போட இது போதும். அடிவாரத்தில் பூ உதிர்ந்ததும் அதே பூவைத் தேடி மேலே போனோம், அப்புறம் இன்னும் மேலே. ஒரே வசந்தத்தை மூன்று முறை பார்த்த ஆண்டு இது.

கோடை நடையில் உச்சிக்குப் போகாமல் திரும்பியது பற்றி இன்னும் முணுமுணுப்பு இருக்கிறது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஏற்றத்தில் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி என்பது 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன பழைய கணக்கு. அதில் ஓய்வும் இல்லை, படம் எடுக்க நிற்பதும் இல்லை, கிளம்பும்போதே நாம் தாமதம். முகட்டை நெருங்கும்போது நண்பகல் தாண்டிவிட்டது, மேகம் கோபுரமாக எழுந்தது, மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணினால் இருபது நொடிகூட இல்லை. மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று வைத்தால் இடி ஏழு கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. முப்பது நொடிக்குக் குறைந்தாலே முகட்டில் நிற்கக் கூடாது. திரும்பச் சொன்னதற்கு நான் வருத்தம் தெரிவிக்கப் போவதில்லை, தாமதமாகக் கிளம்பியதற்கு வேண்டுமானால் தெரிவிக்கிறேன். வரும் கோடையில் விடியுமுன் கிளம்புவோம், வராதவர்களுக்காகக் காத்திருக்க மாட்டோம்.

இலையுதிர் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, நடையில் பாதி நேரம் வாய் பிளந்து நின்றதுதான். உதிர்ந்த இலையை எரிக்காமல் பாத்திகளுக்கு மூடாக்காகப் போட்டோம். பனிக்காலத்தில் பாத்திமேல் விழுந்த பனியைத் தள்ள வேண்டாம் என்று மறுபடி கேட்டுக்கொள்கிறேன், அதற்குள் சிக்கிய காற்று மண்ணுக்குக் கம்பளி மாதிரி. தள்ள வேண்டியது பாதையில் கிடப்பதை.

கடைசியாக, சங்கத்தின் மண்வெட்டி இரண்டும் கத்தரிக்கோல் ஒன்றும் திரும்பி வரவில்லை. யாரிடம் இருக்கிறது என்று கேட்கப் போவதில்லை, கூட்டம் முடிவதற்குள் வாசலில் வைத்துவிட்டால் போதும்.

இப்படிக்கு,
செயலாளர்