இந்த அசன விருந்தில் எச்சில் இலை எடுப்பது நாங்களாக இருக்கட்டும்

எங்கள் திருச்சபைச் சேகரக் கமிட்டியின் பெரியவர்களுக்கும் போதகர் ஐயரவர்களுக்கும், வாலிபர் ஐக்கிய சங்கச் செயலாளர் எழுதுவது. ஸ்தோத்திரம்.

போன கமிட்டியில் அடுத்த வருடத்துக்கான வாலிபர் திட்டத்தை ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. சபையார் எல்லாரும் வாசிக்க வேண்டிய விஷயம் என்றும் தோன்றியது. அதனால் திறந்த மடலாகவே எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

வாலிபர் செயலாளர் என்றால் வாலிபர் ஞாயிறு அன்று ஆராதனை நடத்துகிறவர், கிறிஸ்மஸ் பாட்டுப் பாடி வீடு வீடாகப் போகும் கீத பவனிக்கு டிராக்டர் பிடிக்கிறவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. வாரத்தின் மற்ற நாட்கள் வேறு மாதிரி. கடை வேலை முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரும்போது போன் வரும்: திருநெல்வேலி ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும், உடனே ஆள் அனுப்பு. ஊரில் யாராவது இறந்துபோனால் நாற்காலி, பந்தல், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட ஆள் எல்லாம் எங்கள் பொறுப்பு. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றைக்கு மார்க் குறைந்த பையனின் வீட்டுக்குப் போய் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். திருப்பூருக்குப் போன மகன் மூன்று மாதமாகப் பணம் அனுப்பவில்லை, நீ ஒரு வார்த்தை பேசிப் பார் என்று அம்மாமார் கேட்பார்கள். அண்ணன் குடிக்கத் தொடங்கிவிட்டான் என்று ஒரு தங்கச்சி அழுதுகொண்டு சொன்னதை யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள் வைத்திருக்க வேண்டும். இவை எதுவும் ஆண்டறிக்கையில் வராது. வரவேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. இந்த வேலைதான் எனக்கு ஊழியம் என்ன என்பதைக் கற்றுக்கொடுத்தது.

ஆண்டறிக்கையில் வருவது சுற்றுலா வேனில் போகும் ஊழியப் பயணம். வருடத்துக்கு ஒருமுறை, கோடை விடுமுறையில், மூன்று நாள். நான்கு வருடமாக நானே கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். கடைசியாகப் போனது பொதிகை மலைப் பக்கம் காணிக்காரர் குடியிருப்புக்கு. பழைய துணி, பிஸ்கட், நோட்டுப் புத்தகம் கொண்டுபோனோம். பிள்ளைகளுக்குப் பாட்டும் செய்கைப் பாட்டும் சொல்லிக்கொடுத்தோம். கிளம்பும்போது பேனர் பிடித்துப் போட்டோ எடுத்தோம். வேனில் ஏறப்போன என்னிடம் ஒரு அம்மா, “அடுத்த மாசம் வருவியளா?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. “ஜெபிச்சுக்கோங்க அம்மா” என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். அந்தப் பதிலை நினைத்து இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அவர் கேட்டது ஜெபத்தைப் பற்றி இல்லை. மூன்று நாள் அங்கே தங்கியும் அவர் பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.

அப்புறம் வெள்ளம் வந்தது. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. உங்கள் எல்லாருக்கும் அந்த நாள் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் தண்ணீருக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். தாமிரபரணிக் கரையில் வாழையும் நெல்லும் போயிற்று. நீங்கள் கீத பவனியை நிறுத்தி, அந்தக் காணிக்கையை அப்படியே நிவாரணத்துக்குக் கொடுத்தீர்கள். அந்த முடிவுக்காக இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

நாங்கள் ஏரல் பக்கம் ஒரு காலனிக்குப் பிரெட்டும் பாயும் கொண்டுபோனோம். முதல் நாள் எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். இரண்டாம் நாள் ஒரு அக்கா பிரெட்டை வாங்கித் திண்ணையில் வைத்துவிட்டு, “தம்பி, இது நாலு வண்டியில வந்துட்டு. எங்கூட தாலுகா ஆபீசுக்கு ஒருத்தர் வருவீங்களா?” என்றார். ரேஷன் அட்டை தண்ணீரில் போயிருந்தது. அரசாங்கம் அறிவித்த 6,000 ரூபாயை அட்டையை வைத்துத்தான் கொடுத்தார்கள். வாடகை வீட்டில் இருந்த சிலருக்கு அட்டை வேறு ஊரில் இருந்தது. மனு எழுதத் தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் இரண்டு பேர்தான், அந்த இரண்டு பேர் வீட்டிலும் தண்ணீர்.

எங்களில் ஐந்து பேர் அடுத்து வந்த சனிக்கிழமைகளில் அங்கேயே போனோம். பேனர் கிடையாது. நோட்டு, பேனா, ஒரு பிரிண்டர் வைத்திருந்த நண்பனின் பைக், அவ்வளவுதான். மனு எழுதினோம். அக்காவோடு வரிசையில் நின்றோம். இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள், மூன்றாவது தடவை வேலை முடிந்தது. அந்த வீட்டில் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார்கள். இன்றைக்கும் அந்த அக்கா மகள் கல்லூரிக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்றால் எங்கள் சங்கத்துப் பிள்ளைக்குத்தான் போன் அடிக்கிறாள். ஆண்டறிக்கையில் பிரெட் பொட்டலக் கணக்கு வந்தது, போட்டோவும் வந்தது. அந்தச் சனிக்கிழமைகள் வரவில்லை. எழுதிக் கொடுக்காதது என் தவறு. என் கணக்கில் நாங்கள் போன நல்ல ஊழியப் பயணம் அது ஒன்றுதான்.

இதை எழுதும்போது வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பேராயர் வே. ச. அசரியா. ஓய்வுநாள் பள்ளியில் நமக்கு அவரைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தது, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர் என்பதை. அதற்கு முன்னால் அவர் ஒய்.எம்.சி.ஏ.வில் வாலிபர் ஊழியம் பார்த்தவர் என்பதையும் நாம் கொஞ்சம் நினைக்க வேண்டும். 1910-இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். 35 வயது அசரியா அவர்கள் முன்னால் எழுந்து நின்று, ஏழைகளுக்காக உங்கள் பொருளையெல்லாம் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைக் கொடுங்கள் என்று கேட்டார். மிஷனெரிமார் நம் ஊழியர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடவில்லை, சமமாக நினைத்துப் பழகவில்லை என்ற வருத்தம் அந்தப் பேச்சில் இருந்தது. அங்கே பலருக்குக் கோபம் வந்தது. சொன்னவர் நம் மண்ணில் பிறந்தவர். நாம் இன்றைக்கு வேன் பிடித்து மலைக்குப் போய், பிஸ்கட் கொடுத்து, பெயர் கேட்காமல் திரும்பி வருகிறோம். அவர் அன்றைக்கு யாரைப் பார்த்துக் கேட்டாரோ, அவர்கள் இடத்தில் இப்போது நாம் நிற்கிறோம் என்று எனக்குப் படுகிறது.

பெரியவர்களே, மலை வரைக்கும் போக வேண்டாம். நம் கோயில் காம்பவுண்டுக்கு வருகிறேன்.

சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகை நம் ஊரின் பெருமை. வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள் கிறிஸ்மஸுக்கு வராவிட்டாலும் அசனத்துக்கு லீவு போட்டு வருகிறார்கள். ராத்திரி முழுக்க ஆக்குப்புரையில் அண்டாக்களுக்கு முன்னால் நிற்பதும், காலையில் ஐயரவர்கள் ஜெபித்து முதல் பந்தியைத் தொடங்கி வைப்பதும், பணக்காரரும் கூலிக்காரரும் ஒரே பாயில் உட்காருவதும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். ஒரே பந்தியில் எல்லாரும் சாப்பிடுகிறோம் என்று பிரசங்கத்தில் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் நான் கடைசிப் பந்திக்குச் சோறு கொண்டுபோனேன். பின்வாசல் பக்கம், மதிலை ஒட்டி, வேப்பமரத்துக்குக் கீழே ஐந்து பேர் நின்றார்கள். கையில் தூக்குவாளி. கோயிலையும் ஹாலையும் கழிப்பறையையும் சுத்தம் செய்கிற அண்ணனும், அவர் வீட்டாரும். காலையிலிருந்து எச்சில் இலை எடுத்தவர்கள். “உள்ளே வந்து உட்காருங்க அண்ணே” என்றேன். “இல்ல தம்பி, எங்களுக்கு வாளியில போட்டுருங்க, எப்பவும் அப்படித்தான்” என்றார். அவர் நம்மைப் போல ஞானஸ்நானம் பெற்றவர். அவர் மகளைக் கிறிஸ்மஸ் நாடகத்தில் பார்த்திருப்பீர்கள், தேவதூதனாக நின்றாள். அவர்களை உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. வந்து உட்காருங்கள் என்றும் இத்தனை வருடத்தில் யாரும் கூப்பிடவில்லை. நானும் அன்றைக்கு வாளியில்தான் போட்டேன்.

அதே அண்ணனைத்தான் பண்டிகைக்கு முந்தின வாரம் ஹால் செப்டிக் டேங்க்கில் இறங்கச் சொன்னார்கள். அடைப்பு எடுக்க வேண்டும், லாரிக்குச் சொன்னால் நேரமாகும் என்றார்கள். நல்லவேளை, அந்த நேரத்தில் நான் நாற்காலி எண்ண வந்திருந்தேன், தடுத்து லாரி வரவழைத்தோம். 2013-ஆம் வருடச் சட்டப்படி ஒருவரை அப்படி ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய வைப்பது குற்றம். சாக்கடையில் இறங்கி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்தும் அளவுக்கு இன்னும் ஆட்கள் இறந்துகொண்டிருக்கிறார்கள். நம் காம்பவுண்டுக்குள் அது நடந்திருக்கலாம். பெரிய வியாழன் அன்று, இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, ஐயரவர்கள் பன்னிரண்டு பேருடைய கால்களைக் கழுவுகிற அதே காம்பவுண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் சங்கத்தில் நன்றாகப் பாடுகிற ஒரு பிள்ளை, தன் பெயரைச் சபைப் பதிவேட்டில் எழுத வேண்டாம் என்று என்னிடம் கேட்டாள். சாதிச் சான்றிதழுக்குப் பயம். 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்துக்கள் மட்டும்தான் பட்டியல் சாதியினர். 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் இன்னும் இல்லை. சேர்க்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் பரிந்துரைத்தது. 2004-இலிருந்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு கிடக்கிறது. 2022-இல் இன்னொரு ஆணையம் போட்டார்கள். இதற்குள் அந்தப் பிள்ளைக்குக் கல்லூரி வயது வந்துவிட்டது. அந்த 1950 ஆணை வந்த ஆகஸ்ட் 10-ஐ நாடெங்கும் பல திருச்சபைகள் கறுப்பு தினமாக அனுசரிக்கின்றன. நவம்பர் இரண்டாம் ஞாயிறு தலித் விடுதலை ஞாயிறு. நம் கோயிலில் இரண்டு நாளும் சாதாரண நாளாகவே போகின்றன. அரசாங்கம் அந்தப் பிள்ளையைக் கிறிஸ்தவள் என்று ஒதுக்குகிறது. நம் சபைக்குள்ளே அவளை எந்தத் தெருக்காரி என்று பார்க்கிறார்கள். அவள் யாரிடம் போய்ச் சொல்லுவாள்?

சரி, நீங்கள் கேட்ட திட்டத்துக்கு வருகிறேன். இந்த வருடம் வேன் பயணம் வேண்டாம். அந்தப் பணத்தை எங்களிடம் கொடுங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரே ஊருக்கு, பன்னிரண்டு மாதமும் போகிறோம். பஸ்ஸில் போகிறோம். அந்தக் காணிக் குடியிருப்புக்கே போக விரும்புகிறேன், அந்த அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்பதை அங்கே உள்ளவர்கள் சொல்லட்டும், ஒன்றும் செய்யாமல் பேசிக்கொண்டிருந்துவிட்டு வரச் சொன்னாலும் வருகிறோம். துப்புரவு வேலை பார்க்கிற அண்ணனுக்குக் கமிட்டி சம்பளத்தை உயர்த்த வேண்டும், வங்கிக் கணக்கில் போட வேண்டும், டேங்க்குக்கு லாரி மட்டும்தான் என்று மினிட்ஸில் எழுத வேண்டும். நவம்பர் இரண்டாம் ஞாயிறு ஆராதனையை எங்களிடம் விடுங்கள்.

கடைசியாக, அசனம். இந்த வருடம் எச்சில் இலையை வாலிபர் சங்கம் எடுக்கும். அண்ணனையும் அவர் வீட்டாரையும் முதல் பந்தியில், ஐயரவர்களுக்குப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். கூப்பிட நானே அவர் வீட்டுக்குப் போகிறேன், உங்களில் ஒருவர் என்னோடு வந்தால் நல்லது. நான் மட்டும் போனால் “எப்பவும் அப்படித்தான் தம்பி” என்று மறுபடியும் சொல்லிவிடுவார் என்று பயமாக இருக்கிறது.

அசனத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. இலை எடுக்க இதுவரை 22 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் ஒன்பது பேர் பெண்பிள்ளைகள். பட்டியல் என்னிடம் இருக்கிறது. அண்ணன் வீட்டுக்கு ஞாயிறு இரண்டாம் ஆராதனை முடிந்ததும் போகலாம் என்று நினைக்கிறேன். வருகிறவர்கள் வேப்பமரத்துக்குக் கீழே நில்லுங்கள்.

உங்கள் ஊழியத்தில்,
வாலிபர் ஐக்கிய சங்கச் செயலாளர்