தமிழ் அலமாரியில் யார் இருக்க வேண்டும்? எல்லைப்புற கிரந்தசாலைக் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

கேரளத்தின் சித்தூர், தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் கிரந்தசாலை (நூலகம்) நடத்தும் கமிட்டி உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

நம் பக்கத்து வாசகசாலைகளில் தமிழ் அலமாரி இருக்கிறது. பேரிலக்கியம் அதில் பேருக்கு இருக்கிறது. மாவட்ட நூலகக் கவுன்சிலின் புத்தகோற்சவத்தில் கிராண்ட் பணத்தைக் கணக்கு முடிக்கும் அவசரத்தில், அட்டை தடிமனாகவும் விலை குறைவாகவும் இருக்கும் தமிழ்ப் புத்தகங்கள் பைக்குள் போகின்றன. பிறகு, 'பழைய இலக்கியத்தை யாரும் எடுப்பதில்லை' என்று வழங்கல் பதிவேட்டைக் காட்டுகிறோம். எடுக்காமல் இருப்பதற்குப் பெரும்பாலும் நாம் வாங்கிய பதிப்புதான் காரணம். நல்ல பதிப்பு எது, அதை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்று தெரிந்தவர் கமிட்டியில் ஒருவர் இருந்தாலே நிலைமை மாறும்.

கம்பனை எடுத்துக்கொள்வோம். பாராயணத்துக்கென்று அச்சிட்ட மலிவுப் புத்தகங்களில் மூலம் மட்டும்தான் இருக்கும், அதுவும் சொல் பிரிக்காமல். கடையில் நிற்கும்போதே ஆரணிய காண்டத்தில் சூர்ப்பணகைப் படலத்தைப் புரட்டி, 'பஞ்சியொளிர்' என்று தொடங்கும் பாட்டைப் பாருங்கள். முதல் அடி 'பல்லவ மனுங்க' என்று முடிந்தால், பத்தாம் வகுப்புப் பிள்ளை 'மனுங்க' என்றால் என்ன என்று தேடிக் களைத்துப் புத்தகத்தை மூடிவிடும். 'பல்லவம் அனுங்க' என்று பிரித்து, கீழே பதவுரையும் இருந்தால் வாங்கலாம். வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியார் உரை உண்டு. கோவை கம்பன் கழகத்தின் உரைப் பதிப்பும் உண்டு. கோவை நமக்கு வாளையார் தாண்டினால் வந்துவிடும் ஊர்.

அந்த ஒரு பாட்டைச் சத்தமாகப் படித்தாலே கம்பனை ஏன் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்பது விளங்கிவிடும். பஞ்சி, விஞ்சு, கஞ்சம், அஞ்சொல், வஞ்சி என்று மெல்லினம் அடிக்கு அடி கொஞ்சிக்கொண்டே வரும். மயிலாக, அன்னமாக, மின்னும் வஞ்சிக்கொடியாகச் சூர்ப்பணகை நடந்து வருவாள். அதே ஓசையில், கொஞ்சமும் தாளம் தப்பாமல், 'நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்' என்று முடிப்பான். அழகில் மயங்கிய காது, விஷத்தையும் அதே இனிமையோடு வாங்கிக்கொள்கிறது. இராமன் எதிரில் நிற்கும் ஆபத்து என்ன என்பதைப் படிப்பவர் காதுக்கே காட்டிவிடுகிறான். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் இப்படிப்பட்ட இடங்கள் எத்தனையோ.

ஆகவே கம்பனைத் தனியே படிக்கக் கொடுப்பதைவிடக் கூடிப் படிப்பது நல்லது. ஓர் அமர்வுக்கு ஆறு முதல் எட்டுப் பாட்டு போதும். ஒருவர் ராகமில்லாமல் நிறுத்திப் படிக்க வேண்டும், இன்னொருவர் பொருள் சொல்ல வேண்டும், முடிவில் மீண்டும் ஒரு தடவை முழுப் பாட்டு. நாற்பது பாட்டை ஒரே மாலையில் முடிக்கப் பார்க்கும் கூட்டம் அடுத்த வாரம் மறுபடி சேராது. கர்க்கடக (ஆடி) மாதம் இதற்குச் சரியான காலம். வீடுகளிலும் கோயில்களிலும் மலையாளக் கவி எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணம் கிளிப்பாட்டு ஒலிக்கும் மாதம் அது. சித்தூரில் எழுத்தச்சனின் குருமடமே இருக்கிறது. ஒரே காட்சியை எழுத்தச்சனிலும் கம்பனிலும் அடுத்தடுத்துப் படிக்க, இரண்டு மொழியும் காதில் விழுந்து வளர்ந்த நம் ஊர்க்காரர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

சிலப்பதிகாரத்துக்கு வருவோம். முப்பது காதை. முதலிலிருந்து படிக்கத் தொடங்குபவர்கள் மூன்றாவதான அரங்கேற்று காதையில் நின்றுவிடுவார்கள். அங்கே யாழும் குழலும் தாளமும் இலக்கணத்தோடு வருகின்றன. மேடைக்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளவு வேறு சொல்வார் இளங்கோ. இசை தெரிந்தவருக்கு அது பொக்கிஷம், புதியவருக்குச் சுவர். எனவே கொலைக்களக் காதையில் தொடங்கச் சொல்லுங்கள். அதிலிருந்து வழக்குரை காதை, அப்புறம் குன்றக்குரவை, அதன் பிறகு திரும்பி முதல் பகுதியான புகார்க் காண்டத்துக்குப் போகலாம். ந.மு. வேங்கடசாமி நாட்டார் உரை முழு நூலுக்கும் இருக்கிறது. அடியார்க்கு நல்லாரின் பழைய உரை அரியது, ஆனால் நூல் முழுமைக்கும் கிடைக்கவில்லை. அதை இரண்டாவது புத்தகமாக வாங்குங்கள்.

'தேரா மன்னா செப்புவது உடையேன்' என்று கண்ணகி தொடங்கும் பேச்சில் அழுகை கிடையாது. ஊர், குலம், கணவன் பெயர், வந்த காரணம் எல்லாம் வரிசையாகச் சொல்கிறாள். அரசியின் சிலம்பில் முத்து என்று மன்னன் சொல்ல, தன் சிலம்பில் மாணிக்கம் என்று சான்று வைத்து உடைத்துக் காட்டுகிறாள். ஒரு பெண் சபையில் நின்று வழக்கை நிரூபிக்கும் அந்த ஒழுங்குக்காகவே இளங்கோவைத் திரும்பத் திரும்பப் படிக்கிறவர்கள் உண்டு. குன்றக்குரவையோ நம் மலையின் பாட்டு. குமுளிக்கு மேலே மங்கலதேவி கோட்டத்துக்குச் சித்ரா பௌர்ணமியன்று இரண்டு மாநிலத்து மக்களும் ஏறுகிறார்கள். அந்த வாரத்தில் பீர்மேடு வாசகசாலைகளில் இந்தக் காதையைப் படிக்காமல் வேறு எதைப் படிப்பது?

இக்காலத்தவரில் முதலில் வாங்க வேண்டியவர் புதுமைப்பித்தன். 1906இல் பிறந்து, 1948இல் திருவனந்தபுரத்தில் இறந்தவர். இறந்து 60 ஆண்டு கடந்துவிட்டதால் அவர் எழுத்தை யாரும் அச்சிடலாம். அதனால்தான் பிழை மலிந்த பதிப்புகளும் சந்தையில் ஏராளம். ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த முழுத் தொகுப்பில் கதைகள் கால வரிசையில், வெளியான பத்திரிகை விவரத்தோடு இருக்கும். விலை கூடுதல்தான், ஆனாலும் அதையே எடுங்கள். மூணாறு எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்தவர் கையில் 'துன்பக்கேணி'யைக் கொடுங்கள். நெல்லைச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதை அது. கங்காணி, கடன், மலைக்குளிர் எதற்கும் அவருக்கு அடிக்குறிப்பு வேண்டியிருக்காது. கம்பனின் அகலிகைப் படலத்தைப் படித்த கூட்டத்துக்கு அடுத்த வாரம் 'சாப விமோசன'த்தை வையுங்கள். இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்ட அகலிகை மறுபடி கல்லாகிறாள். இந்த மனிதரை வாசகர்கள் விடாமல் பிடித்துக்கொள்வது இந்தத் துணிச்சலுக்காகத்தான்.

கல்கியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், அவர் தானே ஓடுவார். பொன்னியின் செல்வன் ஐந்து பாகம், கடைசிப் பாகத்தில் மட்டும் 91 அத்தியாயம். பசை மட்டும் போட்ட பைண்டிங்கில் அந்தப் பாகம்தான் முதலில் முதுகு பிளக்கும். தையல் பைண்டிங் கேட்டு வாங்குங்கள். முதல் பாகம் இரண்டு பிரதி வேண்டும். அது திரும்பி வராவிட்டால் மற்ற நான்கும் தூங்கும்.

நம் பக்கத்து வாழ்க்கையை எழுதியவர்களை மறந்துவிடாதீர்கள். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவை எழுதிய ஆ. மாதவன், பள்ளிகொண்டபுரம் எழுதிய நீல. பத்மநாபன் இருவரும் கட்டாயம். தகழியின் செம்மீன், தோட்டியின் மகன் சுந்தர ராமசாமி தமிழில் கிடைக்கும். பாலக்காட்டுத் தஸ்ராக் கிராமத்தை வைத்து ஓ.வி. விஜயன் எழுதிய கசாக்கின் இதிகாசத்தை யூமா வாசுகி தமிழாக்கியிருக்கிறார். தமிழும் மலையாளமும் ஒன்றுக்குள் ஒன்று புழங்கும் அந்த ஊரின் பேச்சை நம் வாசகரைப்போல வேறு யாரும் அனுபவிக்க முடியாது. மலையாள அலமாரியில் மூலத்தைத் தேடிப் போகும் தமிழ் வாசகரும் இதனால் உருவாவார்.

ருஷ்யர்களை வாங்கும்போது பாகங்களை எண்ணிப் பாருங்கள். அன்னா கரீனினா எட்டுப் பாகம், குற்றமும் தண்டனையும் ஆறு பாகமும் ஒரு பின்னுரையும். குறைந்தால் அது சுருக்கம். முன்னதற்கு நா. தர்மராஜன், பின்னதற்கு எம்.ஏ. சுசீலா மொழிபெயர்ப்பு நம்பிக்கையானது. தஸ்தயேவ்ஸ்கியைப் பாதியில் விடுபவர்களுக்குப் பெயர்தான் தடை. ரஸ்கோல்னிகோவ், ரோடியன் ரொமானோவிச், ரோத்யா மூவரும் ஒருவரே என்று யாரும் சொல்லித் தருவதில்லை. முக்கியப் பாத்திரங்களின் பெயர்களை ஒரு சீட்டில் எழுதி முன் அட்டையின் உள்பக்கம் ஒட்டினால் பாதிச் சிரமம் தீரும்.

பதிவேடு இன்னொரு குழப்பம். மலையாளத்தில் மட்டும் தலைப்பை எழுதிவைத்தால் தமிழ் மட்டும் படிப்பவர் எப்படித் தேடுவார்? இரண்டு லிபியிலும் எழுதுங்கள். புனைபெயரின் கீழேயே அடுக்குங்கள். நகுலனை டி.கே. துரைசாமி என்றும் புதுமைப்பித்தனைச் சொ. விருத்தாசலம் என்றும் பதிந்துவிட்டால் ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். மூணாறு, வாகமண் பக்கம் அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் நான்கு விரல் இடம் விடுங்கள். ஈரச்சுவரில் ஒட்டிய வரிசையில்தான் பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும் தொடங்கும்.

இந்த வருடம் பணம் குறைவென்றால் புதுமைப்பித்தன் முழுத் தொகுப்பு, நாட்டார் உரையோடு சிலப்பதிகாரம், கம்பனில் உரையுள்ள ஆரணிய காண்டம் மட்டும் வாங்குங்கள். கூட்டத்துக்குத் தேவையான மற்ற மூலப் பாடல்கள் மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாக இருக்கின்றன. எட்டுப் பாட்டை அச்சிட இரண்டு தாள் போதும். ஜூன் 19 வாசிப்பு நாளுக்கு முதல் அமர்வை அறிவித்துவிடுங்கள்.

அன்புடன்,
எல்லைப்புறத் தமிழ் வாசகர்கள்