வாயுவுக்குக் குழாய் இருக்கிறதே!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டெல்டாவின் இயற்கை எரிவாயுவை எரித்துத் தீர்க்காமல் உரம், பிளாஸ்டிக் போன்றவற்றைச் செய்யும் பெட்ரோகெமிக்கல் ஆலைகளுக்கு மூலப்பொருளாக்க வேண்டும், அந்த ஆலைகளை இங்கேயே கட்ட வேண்டும் என்கிறது சென்ற இதழின் கட்டுரை. முதல் பாதி எனக்குச் சம்மதம்.

திருமாக்கோட்டையில் 107 மெகாவாட், குத்தாலத்தில் 101 மெகாவாட் மின்நிலையங்கள் இந்த வாயுவை எரிக்கத்தான் கட்டப்பட்டன. மின்சாரத்தை வெயிலிலும் காற்றிலும் எடுத்துக்கொள்ளலாம். யூரியாவை எடுக்க முடியாது. சம்பாவுக்கு மேலுரமாக நாங்கள் அள்ளி வீசும் அந்தக் குருணையின் பிறப்பே இந்த வாயுவின் பெரும்பகுதியான மீத்தேனில்தான். மீத்தேனிலிருந்து பெறும் ஹைட்ரஜனைக் காற்றின் நைட்ரஜனோடு சேர்த்தால் அம்மோனியா. அதோடு அதே ஆலையில் வெளிவரும் கரியமில வாயுவைச் சேர்த்தால் யூரியா. மீத்தேன் என்றாலே மறியலுக்குக் கிளம்பும் எங்கள் ஊரார் (நானும்தான்) இதைப் படித்து முறைக்கலாம். முறைக்கட்டும், மூட்டைக்கு வரிசையில் நிற்பதும் நாங்கள்தானே.

பிளாஸ்டிக் கதை வேறு. அதற்கு வேண்டிய எத்திலீனுக்கு வாயுவில் சிறு பங்காக உள்ள ஈத்தேன், புரொப்பேனைத் தனியே பிரிக்க வேண்டும். கட்டுரையாளர் இதைக் கண்டுகொள்ளவே இல்லை.

ஆலை ஏன் இங்கே? உத்தரப்பிரதேசத்தின் பாதாவில் 1999 முதல் இயங்கும் பெட்ரோகெமிக்கல் ஆலைக்கு, குஜராத் கரையிலுள்ள ஹசீராவிலிருந்து கிளம்பும் குழாயில்தான் வாயு போனது. வாயு கிடைத்த இடத்தில் ஆலை கட்டவில்லை. நம்மிடமும், கச்சா எண்ணெயிலிருந்து பிரிக்கும் நாப்தாவில் ஓடிய மணலி உர ஆலை 2019-லும் தூத்துக்குடி ஆலை 2021-லும் எரிவாயுவுக்கு மாறிவிட்டன. எண்ணூர்–தூத்துக்குடி குழாய்த் திட்டத்திலேயே நாகப்பட்டினமும் இருக்கிறது. பிறகு நெல் வயலை எதற்குக் கேட்கிறார்கள்?

பெட்ரோகெமிக்கல் மண்டலத்துக்கென்று கடலூர், நாகை மாவட்டங்களில் 45 கிராமங்களை 2017-ல் அறிவித்த அரசே 2020-ல் அதை ரத்து செய்தது. அதே ஆண்டு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் வந்தது. அதைத் தளர்த்தச் சொல்வதை ஏற்க மாட்டோம். இருக்கிற கிணறுகளின் வாயு போகட்டும், புதுக் கிணறு வேண்டாம்.

குழாயும் சாதுவல்ல. 2017 ஜூன் 30-ல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவியது மறக்கவில்லை. இனிப் பதிப்பதைச் சாலையோரமாகப் பதிக்கட்டும்; பழைய குழாய்களை எப்போது சோதித்தார்கள் என்பதை அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் எழுதி ஒட்டட்டும்.

ஒரு விவசாயி,
மன்னார்குடி வட்டம்