'உக்கும்' என்று விற்ற பைகள் உக்காதது தொடர்பான முறைப்பாடு

சாம்பல்தீவு,
திருகோணமலை.
12.09.2025

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா/அம்மணி,

உங்கள் நிறுவனத்தின் பச்சை நிறக் குப்பைப் பைகளைத் தை மாதம் திருகோணமலை நகரத்தில் ஒரு கடையில் வாங்கினேன். ஆறு சுருள், சுருளுக்கு 25 பை. பெட்டியின் முன்பக்கத்தில் ஓர் இலைப் படமும், நூறு வீதம் உக்கும் என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் இருந்தன. சாதாரணப் பையை விட விலை மூன்று மடங்கு. உக்கிப் போகும் என்றால் கொடுக்கலாம் என்று கொடுத்தேன். எட்டு மாதமாகிவிட்டது, பைகள் உக்கவில்லை.

வீட்டு வளவில் நாற்றுமேடை போட்டுக் கத்தரி, மிளகாய், தக்காளிக் கன்றுகள் விற்கிறேன். கூட்டெருவும் செய்து விற்கிறேன். எருவுக்கான கழிவு நிலாவெளி வீதியிலுள்ள ஒரு விருந்தினர் விடுதியின் குசினியிலிருந்து வருகிறது. முன்பு வாளியில் தந்தார்கள். இலையான் மொய்க்கும், வாளி கழுவுகிறவர் சலிப்பார். உங்கள் பைகளை நானேதான் அவர்களுக்கு வாங்கிக் கொடுத்தேன். பையோடு சேர்த்தே குவியலில் போடலாம், பிரிக்கத் தேவையில்லை என்று சொல்லியும் கொடுத்தேன். கடைக்காரர் எனக்குச் சொன்னது அதுதான். பெட்டியில் நீங்கள் போட்டிருந்த படத்திலும் பையைக் கட்டி அப்படியே எருக்குவியலில்தான் போடுகிறார்கள்.

குவியலில் நான் குறை வைக்கவில்லை. வைக்கோல், மாட்டுச் சாணம், கிளிசரியா இலை, குசினிக் கழிவு என்று அடுக்கி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை புரட்டினேன். கச்சான் காற்று தொடங்கிய பிறகு காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். ஆடிக் கடைசியில் அரிக்கத் தொடங்கியபோது வாழைத்தண்டும் பழத்தோலும் மீன்முள்ளும் இருந்த இடம் தெரியாமல் மண்ணாகியிருந்தன. சல்லடையில் மிஞ்சியது உங்கள் பைதான். கீலம் கீலமாகக் கிழிந்து, பச்சை நிறம் கொஞ்சமும் மங்காமல் கிடந்தது. ஒரு துண்டைக் கழுவிக் கையில் விரித்துப் பார்த்தேன். இலைப் படத்தின் நரம்புகூட அழியவில்லை. இன்னொரு பை முடிச்சுப் போட்டபடியே வந்தது. முடிச்சை அவிழ்த்தால் உள்ளே தேயிலைச் சக்கை ஈரத்தோடு கறுத்து நாறிக்கொண்டிருந்தது. வெளியே இருந்ததெல்லாம் உக்கிவிட, உள்ளே இருந்ததை உக்கவிடாமல் காத்து வைத்திருந்தது அந்தப் பை.

பெரிய துண்டுகளைப் பொறுக்கினேன். சிறியவை சல்லடைக்குக் கீழே இறங்கிவிட்டது எனக்குத் தெரியாது. அதே விடுதிக்குத்தான் பன்னிரண்டு மூடை எருவும் கொடுத்தேன். பூப்பாத்தியில் போட்டுத் தண்ணீர் விட்டதும் பச்சைத் துணுக்குகள் மேலே வந்துவிட்டன. ஒன்பது மூடையைத் திருப்பி அனுப்பினார்கள், பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். காசு போனது ஒரு பக்கம். குப்பையை அரைத்து எருவென்று விற்றிருக்கிறேன் என்று அவர்கள் நினைத்திருப்பார்களோ என்பதுதான் இன்றுவரை மனதை அரிக்கிறது.

அப்புறம் பெட்டியை எடுத்துக்கொண்டு விவசாயப் போதனாசிரியரிடம் போனேன். அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஈஎன் 13432 என்று இருந்ததை அவர்தான் காட்டினார். அது ஐரோப்பிய நியமம், ஆலைகளில் செய்யும் கூட்டெருவுக்கானது. ஏறத்தாழ 58 பாகை சூட்டில் வைத்து, ஆறு மாதத்துக்குள் 90 வீதம் காபனீரொட்சைட்டாக மாறுகிறதா என்று பார்ப்பார்கள். 12 கிழமைக்குப் பிறகு 2 மில்லிமீற்றர் சல்லடையில் பத்து வீதத்துக்கு மேல் மிஞ்சக் கூடாது. வீட்டுக் குவியல் அந்தச் சூட்டைத் தொட்டாலும் சில நாள்தான், பிறகு ஆறிவிடும். வீட்டுக் குவியலுக்கென்றே அவுஸ்திரேலியாவில் ஏஎஸ் 5810 என்ற வேறு நியமம் இருக்கிறதாம். உங்கள் பெட்டியில் அது இல்லை. ஆக, இந்தப் பைக்கு ஆலைச் சூடு வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வீட்டு எருக்குவியலின் படத்தைப் போட்டு விற்றிருக்கிறீர்கள். அப்படியொரு ஆலையை எங்கள் பக்கத்தில் நான் கண்டதில்லை. இந்தப் பையை இங்கே வாங்குகிறவர் எங்கே கொண்டுபோய் உக்க வைப்பது?

2017 செப்டெம்பர் முதலாம் திகதி லஞ்ச் சீற்றையும் ரெஜிபோம் பெட்டியையும் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்புமுள்ள பொலித்தீனையும் தடை செய்தபோது, என்னைப் போன்ற பலர் மனதாரத்தான் மாறினோம். பிரட்றிக் கோட்டைப் பக்கம் மான்கள் குப்பையில் வாய் வைத்துப் பொலித்தீனை மெல்லுவதைப் பார்த்த எவருக்கும் அந்தத் தடை ஏன் என்று சொல்லத் தேவையில்லை. அந்த நல்லெண்ணத்தை வைத்துத்தான் நீங்கள் மூன்று மடங்கு விலை வாங்குகிறீர்கள். கலிபோர்னியாவில் பிளாஸ்டிக் பொருளின் மேல் 'உயிரியல் முறையில் சிதையும்' என்று எழுதி விற்கவே சட்டம் விடாது.

கிருமிநாசினிப் போத்தலை எடுத்துப் பாருங்கள். அது நஞ்சு, ஆனால் லேபலில் தமிழிலும் இருக்கிறது: எவ்வளவு கலக்க வேண்டும், அறுவடைக்கு எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும், வெற்றுப் போத்தலை என்ன செய்ய வேண்டும். உங்கள் பெட்டியில் ஒரு சொல் தமிழில் இல்லை. அந்த விடுதிக்காரரும் புல்தரைக்குக் களைகொல்லி அடித்தால் திகதியும் மருந்தின் பெயரும் எழுதிப் பலகை நடுகிறார், அந்தப் புல்லை எனக்கு அனுப்புவதில்லை. குளோபிரலிட், அமினோபிரலிட் போன்ற களைகொல்லிகள் புல் எருவான பிறகும் சாகாமல் நின்று தக்காளிக் குருத்தைச் சுருட்டிவிடும் என்று நான் ஒருமுறை சொன்னேன், அவ்வளவுதான். நான் உங்களிடம் கேட்பதும் அப்படியொரு பலகைதான். வீட்டுக் குவியலில் உக்காது என்ற ஒரு வரியைப் பெட்டியில் பெரிதாக, மூன்று மொழியிலும் போடுங்கள். அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்.

ஆறு சுருளின் விலையையும், திரும்பி வந்த ஒன்பது மூடை எருவின் விலையையும் எனக்குத் தர வேண்டும். பிரிக்காத இரண்டு சுருள் என்னிடம் இருக்கிறது, அவற்றையும் உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். திருகோணமலைக் கடைகளில் இப்போது இருக்கும் பெட்டிகளுக்கு மேல் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டு விற்கச் சொல்லுங்கள். எனக்குக் காசு தருவதை விட இதை முதலில் செய்யுங்கள். இந்தக் கடிதம் கிடைத்து 14 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் இதே கடிதத்தைக் கொடுப்பேன்.

பற்றுச்சீட்டின் பிரதியும், பெட்டியின் நான்கு பக்கப் படங்களும் இத்துடன் இருக்கின்றன. குவியலிலிருந்து எடுத்த துண்டுகளைக் கழுவி உலர்த்தி ஒரு கடித உறையில் வைத்திருக்கிறேன். கேட்டால் அனுப்புவேன். ஒன்பது மூடையும் வளவில் கொட்டிக் கிடக்கிறது. மாரி மழை தொடங்குமுன் கையால் பொறுக்கி முடிக்கப் பார்க்கிறேன், இதுவரை இரண்டு மூடைதான் முடிந்திருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்