மருத்துவிச்சியம்மாவைப் பற்றிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். மருத்துவிச்சியம்மா தமது 87ஆவது வயதில் காலமானதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. செத்தவீட்டில் உங்களில் பாதிப் பேரைக் கண்டேன். பெயர் போடாமல் எழுதுவதைக் குறையாக எடுக்க வேண்டாம். பெயரை எழுதினால் எங்கள் ஊரில் பலருக்கு ஆளை விளங்காது.

அன்று பேசியவர்கள் எல்லோரும் அவரைத் தாய் போன்றவர் என்றார்கள். சரிதான். ஆனால் அவர் படித்து, சோதனை பாஸ் பண்ணி, 37 வருடம் அரசாங்கச் சம்பளம் எடுத்த ஓர் உத்தியோகத்தர் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அவர் இருந்திருந்தால் இதற்கு முகத்தைச் சுளித்திருப்பார். எனக்கும் அது உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் இந்தக் கடிதம்.

1950களின் கடைசியில், மாங்குளத்தில் யாழ்தேவி ஏறித் தனியாகக் கொழும்புக்குப் போனவர் அவர். அந்த ரயில் ஓடத் தொடங்கியதே 1956இல்தான். 1879இல் தொடங்கிய சொய்சா மகப்பேற்று மருத்துவமனையில் பயிற்சி. சிங்களமும் அங்கேதான் பழகினார். அப்போது பக்கத்துக் கட்டிலில் படுத்த சிநேகிதி ஒருவர் அண்மைக்காலம் வரை அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். 1961இல் நியமனம் கிடைத்து, முத்தையன்கட்டுப் பக்கத்துக் கிரவல் வீதிகளில் சைக்கிள் மிதிக்கத் தொடங்கினார். பெண்பிள்ளை சைக்கிள் ஓடுவதைப் பார்க்கவே அப்போது சனம் வாசலுக்கு வருமாம். "வரட்டும், நானும் அப்பிடியே வீட்டுக்குள்ள போகலாம்" என்று சிரிப்பார்.

அவருடைய கலகலப்பு ஊருக்கே தெரியும். கலியாணவீடு என்றால் முதல் நாளே போய்விடுவார், பாத்திரம் கழுவி முடிந்த பிறகுதான் திரும்புவார். ஆனால் அந்தக் கதையெல்லாம் வெறும் பொழுதுபோக்கு அல்ல என்று எனக்கு விளங்க வருடங்கள் எடுத்தன. எந்த வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறார், யாருக்குக் கால் வீங்குகிறது, எந்தக் குழந்தைக்கு ஊசி தவறியது என்பதெல்லாம் கந்தோரில் இருந்தால் தெரியாது, கிணற்றடியில்தான் தெரியும். பிளேன்ரீயும் பனங்கட்டியுமாக அரை மணித்தியாலம் கதைத்துவிட்டு எழும்புவார். படலை தாண்டியதும் கொப்பியில் எழுதிக்கொள்வார்.

மலேரியாவைப் பற்றிக் கேட்டால் மட்டும் சிரிப்பு நின்றுவிடும். 1963இல் நாடு முழுவதற்கும் 17 பேருக்குத்தான் மலேரியா என்று கணக்கு. இனி முடிந்தது என்று எல்லோரும் கையை விட, 1967, 68இல் இலட்சக்கணக்கானோரைப் பிடித்தது. எங்கள் பக்கத்தில் நடுங்கிக்கொண்டு படுத்த கர்ப்பிணிகளை அவர் மறக்கவேயில்லை. ஒரு மாரியில், மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் ஒரு தாய் இறந்தார். அந்த வீட்டுக்கு வருடம் தவறாமல் போய்வந்தார், யாருக்கும் சொல்லாமல். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடென்று சான்றளித்தபோது, பேப்பரைச் சுருட்டிக்கொண்டு நேரே என் அறைக்கு வந்தார். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டச் சொன்னார். அன்று மூன்றாம் பாடம் நடக்கவில்லை. கோட்டக் கல்வி அலுவலகத்துக்கு இதைத் தெரியப்படுத்த வேண்டாம்.

நான் இங்கே மாற்றலாகி வந்தது 2011 ஜனவரியில். போர் முடிந்து மீளக் குடியேறிய குடும்பங்கள் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்த நேரம். தரம் 1க்குப் பிள்ளைகளைக் கூட்டிவந்த பலரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. ஓய்வுபெற்றுப் பதின்மூன்று வருடமான இந்த அம்மா, என் மேசைக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டார். "இவனோ? சுனாமி வந்து நாப்பதாம் நாள்." "இவள் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு மூண்டு நாள் முந்தி." நான் பென்சிலால் குறித்துவைத்தேன். அவர் சொல் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், செல்லாதுதான். ஆனால் பிறகு நடமாடும் சேவையில் பிரதி எடுத்து வந்தபோது அந்தப் பையனின் திகதி 2005 பெப்ரவரி 4. சுனாமி 2004 டிசம்பர் 26. எண்ணிப் பாருங்கள்.

அவர் கலியாணம் கட்டவில்லை. அதைக் கேட்காத ஆளில்லை. "கட்டியிருந்தா உங்களையெல்லாம் ஆர் பிடிச்சிருக்கிறது?" என்பார். கொஞ்சம் அழுத்திக் கேட்டால், "எனக்கு என்ர வேலை பிடிச்சிருந்தது" என்பார். இந்த இரண்டாவது பதிலைத்தான் எங்கள் மாணவிகள் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. சாதாரண தரச் சோதனை முடிந்தவுடன் மகளுக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கும் பெற்றோர் சிலர் இந்தக் கடிதத்தையும் வாசிப்பீர்கள். உங்களோடு நேரில் கதைக்கிறேன்.

இனி விடயம். வரும் வெள்ளிக்கிழமை காலைப் பிரார்த்தனைக்குப் பின் அவரை நினைவுகூருகிறோம். காசு சேர்க்கவில்லை, மாலையும் வேண்டாம். நீளப் பேச்சும் இல்லை. என் பேச்சின்போது அவர் முன்வரிசையில் இருந்து கொட்டாவி விட்டதை மறக்கவில்லை. நீங்கள் பிறந்த கதையில் அவர் வரும் இடத்தைப் பிள்ளைக்குச் சொல்லி, ஒரு பக்கம் எழுதவிட்டு அனுப்புங்கள். அவர் கையால் எழுதிய பழைய கிளினிக் அட்டை, இடப்பெயர்வுகளில் தொலையாமல் யாரிடமாவது இருந்தால், அதையும் கொண்டுவாருங்கள். பிள்ளையிடம் கொடுத்துவிடாமல் நீங்களே கொண்டுவருவது நல்லது. பார்வைக்கு வைத்துவிட்டு அன்றைக்கே கையில் திருப்பித் தருவோம்.

மழை பெய்தால் மண்டபத்தில் நடக்கும்.

அன்புடன்,
அதிபர்